அரைக் கட்டை இறக்கிய கிட்டார்

காக்ஸ் டவுன், பெங்களூர்
14 ஜூன் 1998

அன்புள்ள மௌரீன் அக்காவுக்கு,

தம்பி பெர்னார்ட் எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம். மழை ஆரம்பித்ததும் அப்பாவின் முட்டிவலியும் ஆஜராகிவிட்டது. மஸ்கட்டில் வெயில் எப்படி? ஆஸ்பத்திரியில் உன்னை வேறு வார்டுக்கு மாற்றுவார்கள் என்று எழுதியிருந்தாயே, மாற்றினார்களா?

ஒரு நல்ல சேதி. நானும் ராஜேந்திரனும் சேர்ந்து மேடை ஏறப்போகிறோம். கல்யாண ஆர்கெஸ்ட்ரா இல்லை, சினிமாப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. நான் எழுதிய பாட்டு அரை மணி, அவன் எழுதிய பாட்டு அரை மணி. தொம்மலூரில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே வீணா மேடம் என்பவர் நாடக ஒத்திகைக்காக ஹால் வைத்திருக்கிறார். அறுபது நாற்காலி போடலாம். ஜூலை பதினெட்டு, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி.

ராஜேந்திரனை மறந்திருக்க மாட்டாய். நீ லீவில் வந்திருந்தபோது நம் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு மவுத் ஆர்கன் வாசித்தானே, ஒக்கலிபுரத்துக்காரன், தகரப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறவன். அவனை வீணா மேடத்திடம் அழைத்துப்போனதே நான்தான்.

மேடையில் ஒயர் மாட்டி வாசிக்கிற கிட்டார் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒன்றுதான், நீ வாங்கித் தந்தது. முதலில் நான் பாடிவிட்டு அவனிடம் கொடுப்பேன். இதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. என் தொண்டை மேலே ஏறாது, கோயில் பாடற்குழுவில் என்னைப் பின்வரிசையில் நிறுத்தியதே அதற்காகத்தான். ஆகவே ஆறு தந்தியையும் அரைக் கட்டை சுருதி இறக்கி வைத்துக்கொண்டு பாடுவேன். அவனோ கழுத்தில் கம்பி மாட்டி, கிட்டாரோடு மவுத் ஆர்கனும் சேர்த்து வாசிக்கிறவன். மவுத் ஆர்கனை ஏற்ற இறக்க முடியாது, செய்து வைத்த சுருதியில்தான் பேசும். அதனால் நான் முடித்ததும் தந்திகளைப் பழையபடி அரைக் கட்டை ஏற்றிவிட்டுத்தான் அவனிடம் தரவேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் வாங்கும்போது "ஏத்திட்டியா?" என்று கேட்பான். "ஏத்திட்டேன்" என்பேன். அதைக் கேட்காமல் கிட்டாரில் கை வைக்க மாட்டான். எனக்குச் சிரிப்பாக வரும்.

எனக்காக ஒரு மணி ஜெபமாலையாவது உருட்டு. அப்பா உன்னை விசாரித்தார்.

அன்புத் தம்பி,
பெர்னார்ட்

*

மஸ்கட்
30 ஜூன் 1998

அன்புத் தம்பி பெர்னார்டுக்கு,

நான் நலம். உன்னையும் அப்பாவையும் அந்தோணியார் காக்கட்டும். வார்டு மாற்றிவிட்டார்கள், இப்போது குழந்தைகள் வார்டு. சத்தம் அதிகம், ஆனால் மனதுக்கு லேசாக இருக்கிறது. அப்பாவுக்குத் தைலம் அனுப்புகிறேன். பாட்டில் தீரும்வரை முட்டி வலிக்கக் கூடாது என்று சொல்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டு வருஷமாகக் கட்டிலடியில் கிடந்த கிட்டார் மேடை ஏறுகிறது! முழு நிகழ்ச்சியையும் கேசட்டில் பதிந்து அனுப்பு. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லாரும் சேர்ந்து சமைப்போம். என் அறைத்தோழி அன்னம்மாள் வேலூர்க்காரி, அவளிடம் இப்போதே பெருமை அடித்து வைத்திருக்கிறேன். "உன் தம்பி நல்லா பாடுவானா?" என்று கேட்டாள். "நல்லா எழுதுவான்" என்றேன். கோபித்துக்கொள்ளாதே.

ராஜேந்திரன் தம்பியைக் கேட்டதாகச் சொல். அவன் அன்று வாசித்தது இன்னும் காதில் இருக்கிறது.

உன் அக்கா,
மௌரீன்

*

காக்ஸ் டவுன்
9 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தைலம் வந்தது. அப்பா முட்டிக்கும் தடவுகிறார், நெற்றிக்கும் தடவுகிறார்.

கேசட் அனுப்ப முடியவில்லை. டேப் ரெக்கார்டரில் ஏதோ கோளாறு. நிகழ்ச்சி நடந்தது. ஐம்பது பேர் இருக்கும். எனக்குக் கை தட்டினார்கள். ராஜேந்திரனுக்குத்தான் சரியாக அமையவில்லை, முதல் பாட்டிலேயே சுருதி விலகிப்போய் நிறுத்திவிட்டான். காதில் ஏதோ கோளாறு என்கிறான். அவனுடைய அப்பாவுக்கும் பட்டறைச் சத்தத்தில் ஐம்பது வயதுக்குள் காது போய்விட்டதாம். இனிப் பாடுவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். பாவம்.

நம் ஃப்ரிட்ஜ் மறுபடி மக்கர் செய்கிறது. மெக்கானிக் வந்து கம்ப்ரஸர் என்றான். வேறொருவன் வந்து அது இல்லை, கேஸ் என்றான். இருவரும் பேசி முடிப்பதற்குள் மூன்று நாள் பால் கெட்டுப்போனது. தெருவில் வேறு தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிக்கொண்டுதான் போகிறேன். ஆபீசில் அட்மிஷன் வேலை முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறோம். புது ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மாதிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
பெர்னார்ட்

*

மஸ்கட்
22 ஆகஸ்ட் 1998

அன்புள்ள பெர்னார்ட்,

நலம். நலம்தானே?

ஃப்ரிட்ஜுக்குப் பத்து வரி, நீ வருஷக்கணக்காகக் காத்திருந்த நிகழ்ச்சிக்கு ஆறு வரி. சின்ன வயதில் பிளேட்டை உடைத்துவிட்டு வந்தால் நீ இப்படித்தான் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் ஒப்பிப்பாய்.

நான் நர்ஸ், மறந்துவிடாதே. பட்டறைச் சத்தத்தால் காது போவது உண்டு, ஆனால் அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். முந்தின வாரம் ஒத்திகையில் ஒழுங்காக வாசித்தவனுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தில் போகாது. என்ன நடந்தது என்று விவரமாக எழுது.

அக்கா

*

காக்ஸ் டவுன்
10 செப்டம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கும்பிடுகிறேன். மாதா திருநாளுக்கு அப்பாவை ஆட்டோவில் சிவாஜி நகர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். உனக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். கூட்டத்தில் அவருடைய செருப்பு ஒன்று போய்விட்டது, மற்றதை ஏன் கொண்டுவந்தார் என்று தெரியவில்லை.

ராஜேந்திரன் காதில் ஒன்றுமில்லை. நான்தான் தந்திகளை ஏற்ற மறந்துபோனேன்.

என் பாட்டு முடிந்ததும் டீக்குப் பத்து நிமிடம் விட்டார்கள். கிட்டாரோடு பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பதற்றத்தில் மறந்துவிட்டது. அப்படியே அவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் ரயில்வே கேட்டைப் பற்றி எழுதிய பாட்டை எடுத்தான். முதலில் மவுத் ஆர்கன், பிறகு கிட்டார் சேரும். சேர்ந்ததும் பல் கூசுகிற சத்தம். நிறுத்தினான். கிட்டாரை மட்டும் தட்டிப் பார்த்தான், நன்றாக இருந்தது, ஆறு தந்தியும் ஒரே அளவில் இறங்கியிருந்ததால் தனியாகக் கேட்டால் தெரியாது. மவுத் ஆர்கனை மட்டும் ஊதினான், அதுவும் நன்றாகவே இருந்தது. சேர்த்தால் மறுபடி அதே கண்றாவி. மூன்று தடவை முயன்றான். முன்வரிசையில் ஒருவர் வேடிக்கையாக இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், நாலு பேர் சிரித்தார்கள். வீணா மேடம் பக்கத்தில் வந்து, என்ன ஆயிற்று என்று கன்னடத்தில் கேட்டார்: "ஏனாய்த்து ராஜேந்திரன்?" அவன் மைக்கில் "சாரி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டான்.

அவன் முகம் கழுவப் போனபோதுதான் எனக்கு நினைவு வந்தது. அவசரமாக ஆறு தந்தியையும் ஏற்றினேன். ஈர முகத்தோடு வந்து, "குடுடா, பாப்போம்" என்று வாங்கி, மவுத் ஆர்கனை ஊதிக்கொண்டே தட்டினான். பிசகே இல்லை. கொஞ்ச நேரம் கிட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தான். "கரெக்டாதான்டா கீது. அப்ப என் காதுதான்" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை பேர் இன்னும் கலையாமல் கீழே நின்றுகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவன் சிரித்துப் பேசினான், அதனால் சொல்லவில்லை. இப்போது சொன்னால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பான். ரொம்ப வெட்கமாக இருக்கிறது அக்கா.

தம்பி,
பெர்னார்ட்

*

மஸ்கட்
24 செப்டம்பர் 1998

அன்புள்ள பெர்னார்ட்,

நலம். அப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடு.

மறதி எல்லாருக்கும் வரும். நானே போன மாதம் ஒரு குழந்தையின் சார்ட்டில் நேரம் எழுத மறந்து, டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் நினைவு வந்தபின், அவன் வருவதற்குள் யாருக்கும் தெரியாமல் ஏற்றி வைத்தாயே, அதற்குப் பெயர் மறதி இல்லை. ஏற்றாமலே இருந்திருந்தால்கூட அவன் திரும்ப வந்து நிதானமாகச் சரிபார்த்துத் தானே கண்டுபிடித்திருப்பான். அவன் அப்பாவுக்குக் காது போன கதை தெரிந்திருந்தும் அவனை அப்படி நம்பவிட்டுவிட்டாயே. அவனிடம் போய்ச் சொல். இந்த ஞாயிற்றுக்கிழமையே போ.

இன்னொன்று. உன் ஜூன் மாதக் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. "ஏத்திட்டியா?" என்று கேட்காமல் அவன் கிட்டாரில் கை வைக்க மாட்டான் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கும் கேட்டானா? நீ என்ன சொன்னாய்?

அக்கா

*

காக்ஸ் டவுன்
1 நவம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வேலை. அப்பா சுகம். செருப்பு வாங்கிவிட்டேன். தீபாவளிக்கு எதிர்வீட்டு ஜானகி அம்மா தட்டு நிறையப் பலகாரம் கொடுத்தார்கள், நம் வீட்டில் நான் ஒருவன்தான் பல்லோடு இருப்பதால் முறுக்கு முழுவதும் என் தலையில் விழுந்தது. நாளை கல்லறைத் திருநாள், அம்மா கல்லறைக்குச் சாமந்தி வாங்கி வைத்திருக்கிறேன்.

ராஜேந்திரனைக் காது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீ வா என்றான். எப்படி மறுப்பது? பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் "எப்போதிலிருந்து?" என்று கேட்டார். "ஜூலை பதினெட்டு சார்" என்றான். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்கள். கீச்சென்ற மெல்லிய சத்தம் மட்டும் கொஞ்சம் குறைவாகக் கேட்கிறதாம். பட்டறையில் வேலை செய்கிற எல்லாருக்கும் இப்படி இருக்கும், பஞ்சு வைத்துக்கொள், பயப்படாதே என்றார் டாக்டர். அவன் காதில் விழுந்தது "குறைவு" என்ற ஒரு வார்த்தைதான். வெளியே வந்து, "பாத்தியா, எங்கப்பாவுக்கும் மொதல்ல இப்படித்தான் சொன்னாங்க" என்றான்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது பாக்கெட்டிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து என் கையில் வைத்தான். "நீயே வெச்சிக்கோ. வீட்ல இருந்தா எடுத்து ஊதத் தோணுது, ஊதினா சரியா தப்பான்னு தெரியல, பைத்தியம் புடிக்குது" என்றான். வாங்கிக்கொண்டேன். இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதன்மேல் ஒரு பத்திரிகையைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி?

தம்பி,
பெர்னார்ட்

*

மஸ்கட்
12 நவம்பர் 1998

பெர்னார்ட்,

நலம். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீ முறுக்கைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

அக்கா

*

காக்ஸ் டவுன்
29 நவம்பர் 1998

அக்கா,

கேட்டான்.

முழுவதும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்னொரு தடவை ஃப்ரிட்ஜைப் பற்றி எழுதுவேன்.

எனக்குக் கை தட்டினார்கள் என்று எழுதினேன் அல்லவா, தட்டினார்கள், மரியாதைக்கு. மூன்றாவது பாட்டிலேயே பின்வரிசையில் தலை திரும்ப ஆரம்பித்துவிட்டது. மேடையிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் அக்கா. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒருவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். டீ நேரத்தில் நான் அறைக்குள் போகும்போது மாடிப்படியில் இரண்டு பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்த மவுத் ஆர்கன்காரர் எப்ப? இவரேவா மறுபடியும்?" என்றாள் ஒருத்தி. வாசலில் ஒட்டிய நோட்டீசில் வீணா மேடம் ராஜேந்திரன் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் எழுதியிருந்தார். அகர வரிசையில் பார்த்தால் என் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்று அப்போது கணக்குப் போட்டது என் புத்தி. அவனைக் கூட்டிவந்தது நான், கிட்டார் என்னுடையது, அப்படியெல்லாம்.

அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். தந்தியை முறுக்குகிற சாவியின்மேல் விரல் இருந்தது. நான் எதையும் மறக்கவில்லை.

ராஜேந்திரன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். "ஏத்திட்டியா?" என்றான். "ஏத்திட்டேன்" என்றேன். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "தேங்க்ஸ் குரு" என்று வாங்கிக்கொண்டு போனான்.

ஒரே ஒரு பாட்டு சொதப்பட்டும் என்றுதான் நினைத்தேன். நிறுத்துவான், என் பக்கம் திரும்புவான், நான் ஓடிப்போய் "ஐயோ, மறந்துட்டேன்டா" என்று ஏற்றித் தருவேன், எல்லோரும் சிரிப்பார்கள், அத்தோடு போகும். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. என்மேல் சந்தேகம் வரவே இல்லை அவனுக்கு. ஏற்றிவிட்டேன் என்று நான் சொன்னதை அப்படியே வைத்துக்கொண்டு, தன் காதைச் சந்தேகப்பட்டான்.

போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஒரு சிநேகிதனிடம் பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. மூன்று தடவை 'அருள்நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். கோயில் வாசலுக்கு வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். சாமியாரையும் ஏமாற்றியதுதான் மிச்சம்.

உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லிவிடாதே.

பெர்னார்ட்

*

மஸ்கட்
9 டிசம்பர் 1998

பெர்னார்ட்,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அம்மா போனபோது உனக்கு எட்டு வயது. உன்னை வளர்த்தவள் நான். அதனால் இதில் எனக்கும் பங்கு இருக்கிறது, எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்னம்மாள் "உன் தம்பி கேசட் வந்துச்சா?" என்று வாராவாரம் கேட்கிறாள். தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். பார், நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒக்கலிபுரம் போ. கையில் கேக் எடுத்துக்கொண்டு போகாதே. கிட்டாரையும் மவுத் ஆர்கனையும் எடுத்துக்கொண்டு போ. மறந்துவிட்டேன் என்று அவனிடமும் ஆரம்பிக்காதே. எனக்கு எழுதியதுபோல் எழுதி வைத்துக்கொண்டு படித்தாலும் சரி.

நீ சொல்லிவிட்டாய் என்று கடிதம் வரும்வரை நான் உனக்கு எழுதப்போவதில்லை. அப்பாவுக்குத் தனியாக எழுதிக்கொள்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

காக்ஸ் டவுன்
27 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அப்பா நடுராத்திரிப் பூசைக்கு வந்து முழுநேரமும் நின்றார், தைலத்துக்கு ஜே.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒக்கலிபுரம் போனேன். கேக் எடுத்துப்போகவில்லை. ராஜேந்திரனின் அம்மா மங்களம் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "வாப்பா பெர்னார்டு. கொஞ்சம் சத்தமா பேசு, அவனுக்குக் காது சரியில்ல" என்றார்கள். உள்ளே உட்காரவைத்து டீ கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள்.

நான் சொன்னேன். எழுதி எடுத்துப்போன காகிதத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தபா சொல்லு" என்றான்.

கேட்கவில்லையோ என்று சத்தமாகச் சொன்னேன்.

"கத்தாத. கேட்டுச்சு. சும்னே இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். மூன்றாவது தடவை காகிதத்தைப் பிரித்து அதைப் பார்த்துத்தான் முடிக்க முடிந்தது.

"அஞ்சு மாசம்டா" என்றான். "அஞ்சு மாசமா எங்கம்மா பேசறப்ப காதுல பஞ்சு வெச்சிக்கினு வாயைப் பாத்துப் பழகினு கீறேன். முழுசா போறதுக்குள்ள கத்துக்கலாம்னு. பாதி வார்த்தை இப்பவே புரியுது, தெரியுமா?"

அவன் அம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் இன்னும் வாய் வைக்காத டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

பிறகு அவன் மவுத் ஆர்கனை வாங்கி, வேட்டியில் துடைத்தான். "கிட்டாரை இறக்கு" என்றான். இறக்கினேன். "தட்டு" என்றான். நான் தட்ட, அவன் ஊத, அந்தக் கண்றாவிச் சத்தம் அந்தச் சின்ன வீடு முழுக்க. பக்கத்து வீட்டில் யாரோ திட்டினார்கள். அவன் நிறுத்தவே இல்லை, ரொம்ப நேரம் ஊதினான். "இதேதான். இதேதான்டா அன்னிக்கு" என்றான். பிறகு ஏற்றச் சொன்னான். ஏற்றியதும் ஒரு வரிதான் ஊதினான், மவுத் ஆர்கனைக் கீழே வைத்துவிட்டு அழுதான். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். "அத இங்க சொல்லாத" என்றான்.

"வீணா மேடம்கிட்ட டேட் வாங்கு. அதே ஹாலு. அன்னிக்கு வந்தவங்க எல்லாரையும் கூப்புடு, காதைப் பொத்தினாரே, அந்த ஆளையும். அங்க சொல்லு."

சரி என்றேன். சொன்னதிலிருந்து தூக்கம் வரவில்லை. அறுபது நாற்காலி கண்ணுக்குள் நிற்கிறது. போகாமல் இருந்துவிடலாமா, காய்ச்சல் என்று சொல்லலாமா என்றெல்லாம் யோசித்தேன், உன்னிடம் மறைப்பானேன்.

தம்பி,
பெர்னார்ட்

*

காக்ஸ் டவுன்
14 பிப்ரவரி 1999

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போன வாரம் தொம்மலூருக்குப் போனேன். அப்பாவும் வந்தார். அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். "நானும் வர்றேன்" என்றார், அவ்வளவுதான். மூன்றாவது வரிசையில் ராஜேந்திரனின் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

நாற்பது பேர் இருக்கும். காதைப் பொத்தியவர் வந்திருந்தார். பெயர் ஆராவமுதன், பேங்க்கில் ரிடையர் ஆனவர்.

நான் மட்டும் முதலில் ஏறினேன். ஜூலையில் நடந்தது ராஜேந்திரனுடைய தப்பு இல்லை, அவன் காதிலும் தப்பு இல்லை, கிட்டாரை ஏற்றிவிட்டேன் என்று நான் பொய் சொன்னேன், பொறாமையால் சொன்னேன் என்று மைக்கில் சொன்னேன். அப்பாவைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பார்த்துவிட்டேன். தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜேந்திரன் ஏறினான். இறக்கி வைத்த கிட்டாரை நான் தட்டினேன், அவன் ஊதினான். ரயில்வே கேட் பாட்டின் முதல் வரி முழுவதையும் அந்தச் சத்தத்திலேயே அவர்களைக் கேட்க வைத்தான். யாரும் சிரிக்கவில்லை. ஆராவமுதன் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு அவன் "ஏத்து" என்றான்.

ஆறு தந்தியையும் மேடையில் நின்றபடி ஏற்றினேன். அறையில் உட்கார்ந்து செய்தால் இரண்டு நிமிடம் ஆகும் வேலை. வியர்த்த கையால் ஒவ்வொரு சாவியும் வழுக்கியது. மூன்றாவது தந்தியை இரண்டு தடவை சரி செய்தேன். டீ குடிக்க யாரும் எழுந்து போகவில்லை, எல்லோரும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முடித்துவிட்டு நீட்டினேன். அவன் கிட்டாரை வாங்காமல், மைக்கிலேயே கேட்டான்.

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

வாங்கிக்கொண்டான். நான் இறங்கி ஓரமாகச் சுவரோடு நின்றேன். அவன் பாடிய அரை மணி நேரத்தைப் பற்றி என்ன எழுத? புல்லாங்குழல், தபேலா எதுவும் இல்லாமல் அந்த ஒரு குரலும் கிட்டாரும் அந்த ஊதலும்தான், அப்பா கண்ணைத் துடைத்தார், மங்களம் அம்மா பாட்டு முழுக்கத் தன் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீணா மேடம் "இன்னொந்து, இன்னொந்து" என்று கேட்க, இன்னும் இரண்டு பாட்டு பாடினான். கேசட்டில் பதிந்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். அன்னம்மாள் அக்காவுக்குப் போட்டுக்காட்டு. அதில் என் பாட்டு ஒன்றும் இல்லை. நான் பேசியது மட்டும் முதலில் இருக்கும், அதையும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

கடைசியில் கீழே டீ குடிக்கும்போது அவன் என் தோளில் கை போட்டான். அடுத்த மாதம் ஒத்திகை வைத்துக்கொள்ளலாம் என்றான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நீ நினைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் ஒன்றை எழுதவேண்டியிருக்கிறது. நான் ஏற்றிவிட்டேன் என்று சொல்லிக் கொடுத்தேன் அல்லவா, வாங்கிக்கொண்டு அவன் உடனே பாட ஆரம்பிக்கவில்லை. மவுத் ஆர்கனை வாயில் வைத்து, ஒவ்வொரு தந்தியாகத் தட்டித் தட்டி, ஆறையும் தானே சரிபார்த்துக்கொண்டு அதன் பிறகுதான் ஆரம்பித்தான்.

அப்பா உன்னை விசாரித்தார். நீ மறுபடி எழுத ஆரம்பித்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

உன் தம்பி,
பெர்னார்ட்